பிரிக்காமல் வாங்கிய கல்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "சரிபார்ப்பு சார் எங்கே?" என்று கேளுங்கள், வாசல் காவலாளிகூட மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஜன்னலில்லாத அறையைக் காட்டிவிடுவார். ஸ்டோர் கீப்பர் வேலை. முப்பத்தோரு வருடம். மேசை, நாற்காலி, மை பாட்டில், குண்டூசிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் என்று அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு பொருளையும் எண்ணிப் பார்த்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, கடைசிக் கட்டத்தில் "சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று ரப்பர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். பொருளுக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண்ணும் எழுதுவார். ஒரு முறை அலுவலகத் தலைவர் புது நாற்காலியில் சொகுசாகச் சாய்ந்திருந்த நேரத்தில் உள்ளே போய், "சார், ஒரு நிமிஷம் எழுந்திரிங்க, நம்பர் போடணும்" என்று சொன்ன மகானுபாவர் அவர். அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டது அந்தப் பட்டப்பெயர்.

வீட்டிலும் இதே கூத்துதான். கல்யாணமான புதிதில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டார். பதினேழாம் நம்பரில் சர்க்கரை, பதினெட்டில் உப்பு. மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் தேங்காய் நாரை எடுத்து அத்தனை எண்களையும் தேய்த்தெடுத்து, டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். "நான் கண்ணை மூடிட்டு எடுத்தாலும் உப்பு எது சர்க்கரை எதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது" என்றாள். உண்மைதான். அவருக்கு எண் தெரியும், பொருள் தெரியாது.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் பிரித்துப் பார்க்காமல் வாங்கினார். அது ஒரு கல். ஆறடி உயரம். எது தப்பினாலும் தப்பலாம், ஆறடிக் கல் கண்ணுக்குத் தப்புமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்போது அலுவலக முற்றத்தில் தினமும் சண்டை. வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், புரோக்கர்கள் நடுவில் புகுவார்கள். காகிதத்தில் விதிமுறை எழுதி ஒட்டினால் மறுநாள் கிழிந்திருக்கும். ஆகவே கருங்கல்லிலேயே செதுக்கி நட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஒன்பது விதிகள். நகரத்தில் அப்போது இருந்த ஒரே கல் செதுக்குகிறவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவரிடம் அதே வாரம், அதே அளவில் இன்னொரு கல்லுக்கும் ஆர்டர் இருந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பிரார்த்தனைக் கூடத்துக்காக, கடவுளைப் போற்றும் பன்னிரண்டு வரிகள்.

இரண்டு கல்லையும் வைக்கோல் சுற்றி, சாக்கில் பொதிந்து, கயிறு கட்டி ஒரே மாதிரி மூட்டையாக்கிவிட்டார்கள். லாரி வந்தபோது மாலை ஐந்து மணி. நம்மவருக்கு ஐந்தேகாலுக்குப் பேருந்து. கயிற்றை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆகும். மூட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "கல்லுதானே?" என்று லாரிக்காரரைக் கேட்டார். "கல்லுதான் சார்" என்றார் அவர். முத்திரை விழுந்தது. கல்லைக் கதவு மாதிரி தட்டிப் பார்த்துச் சரிபார்த்த ஒரே அரசு ஊழியர் இந்த உலகத்தில் தான் ஒருவர்தான் என்று இன்றைக்கும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் விடுமுறை. கொத்தனார் வந்து, முற்றத்தின் நடுவில், வரிசையில் நிற்கிறவர்களுக்கு நேர் எதிராகக் குழி தோண்டி, சிமெண்ட் போட்டுக் கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எழுத்து தெரியாது. தெரிந்தாலும் அரசாங்கத்தார் என்ன எழுதி நட்டால் அவருக்கு என்ன?

திங்கட்கிழமை காலையில் நம்மவர் சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைகிறார். "வரிசையைத் தாண்டக் கூடாது" என்று இருக்க வேண்டிய இடத்தில், "எல்லாம் அறிந்தவனே, எங்கள் பாதையைக் காப்பவனே" என்று இருக்கிறது. கீழே இன்னும் பதினோரு வரி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிமெண்டைக் காலால் உதைத்துப் பார்த்தார். இரும்பாக இறுகிப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து அலுவலகத் தலைவரின் கார் வந்து நின்றது.

அந்தக் காலத்துத் தலைவர் பக்திமான். காரிலிருந்து இறங்கியவர் கல்லைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தார். கைகளைக் கூப்பினார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. விதிகள் எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"யாரோட யோசனை இது?" என்று கேட்டார்.

"மன்னிச்சுடுங்க சார், கல்லு மாறி வந்துடுச்சு" என்று சொல்லத்தான் நம்மவர் வாயைத் திறந்தார். நுனி நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "என்னோடதுதான் சார்."

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். அந்த வாரமே ஜன்னலில்லாத அறைக்கு ஒரு மின்விசிறி வந்தது. நம்மவர் அதை மறக்காமல் பதிவேட்டில் ஏற்றி, இறக்கையில் எண் போட்டார்.

மனைவியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனால், செய்தி அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. தலைவரின் மனைவி கடைவீதியில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நம்மவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"உங்களுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சேங்க" என்றாள்.

டப்பாக்களுக்கு நம்பர் போட்ட ஆளை அதுவரை அவள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையைக் கையால் தட்டிவிட்டு, "சாக்கைப் பிரிக்கலைம்மா" என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? அவருக்கு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று சாப்பிட உட்கார்ந்தார். அந்த நாளைக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை தோறும் மனைவி அவரோடு கூடவே நடந்து வருவாள். பையிலிருந்து ஈரத்துணி எடுத்துக் கல்லைத் துடைப்பாள். தலை குனிந்து இரண்டு நிமிடம் நிற்பாள். நம்மவர் பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு நிற்பார். பார்த்த குமாஸ்தாக்கள் தலை குனிய ஆரம்பித்தார்கள். குமாஸ்தாக்களைப் பார்த்து வரிசையில் நிற்கிறவர்கள் குனிந்தார்கள். கொஞ்ச நாளில் மனு வாங்கும் ஜன்னலில் இருக்கிறவர்கள், யார் குனிகிறார்கள் யார் குனியவில்லை என்று கண்ணாடி வழியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். உத்தரவு கிடையாது, சுற்றறிக்கை கிடையாது. குனிந்தவர் மனு மேலே போயிற்று, குனியாதவர் மனு கட்டுக்கு அடியில் போயிற்று. அது பாட்டுக்கு நடந்தது. நம்மவருக்கு அது தெரியுமா என்றால், தெரியும். கட்டுக் கட்டும் கயிறு அவருடைய ஸ்டோரிலிருந்துதானே போகிறது! ஆனால் கயிற்றைத் தவிர எதையும் பார்க்காத மாதிரி இருக்க அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

இந்த வழக்கத்தை முதன்முதலாகக் கேள்வி கேட்டது ஒரு தையற்காரம்மா. கணவர் இறந்துபோய், வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வந்தவர். வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவர். மூன்று முறை வரிசையில் நின்றார், மூன்று முறையும் நிமிர்ந்தே நின்றார், மூன்று முறையும் மனு அடியில் போயிற்று. நான்காம் முறை அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. நேராகப் புகார்களை விசாரிக்கும் அதிகாரிக்கு எழுதிப் போட்டார். "அரசு நிலத்தில் ஒரு மதத்தின் கல்லை யார் உத்தரவின் பேரில் வைத்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி.

சட்டம் சுலபமானது. அரசு நிலத்தில் மத அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் மட்டும் பழம்பொருள் என்று விட்டுவிடலாம்.

இப்போதைய தலைவருக்குப் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. கலவரம் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான். நம்மவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பழைய ஆளுன்னு இங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம். சாட்சிக்கு உங்களைத்தான் கூப்பிடுவாங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அந்தக் கல்லு இருந்துச்சு, கட்டடத்தோட சேர்ந்து வந்ததுன்னு சொல்லிடுங்க. கட்டடத்துக்கு அறுபது வயசு. கதை முடிஞ்சுது."

"பதிவேட்டுல இருக்கே சார்..."

"அந்த வருஷப் பதிவேட்டைக் கரையான் அரிச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்."

நம்மவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் சொல்லச் சொன்னதற்கு அல்ல. "என் ஸ்டோர்ல கரையானா? முப்பத்தோரு வருஷத்துல ஒரு கரையானைக் காட்டுங்க சார்!"

தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நாலு மாசத்துல ஓய்வு பெறப் போறீங்க. பிழையற்ற பணிக்கான சான்றிதழுக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். இந்த டிபார்ட்மெண்ட்ல இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்ல. யோசிச்சுக்குங்க" என்றார்.

யோசித்தார். சாயங்காலம் வீட்டில் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். அவ்வளவுதான், மனைவி கரண்டியோடு திரும்பினாள்.

"என்னது, கட்டடத்தோட வந்ததா? நீங்க மனசார வச்ச கல்லை நீங்களே இல்லேன்னு சொல்லுவீங்களா? அந்தச் சான்றிதழ் யாருக்கு வேணும்? நான்தான் வச்சேன், பக்தியோட வச்சேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க. வேலையே போனாலும் போகட்டும். நானும் வந்து உக்காருவேன்."

ஆக, தலைவருக்கு ஒரு பொய் வேண்டும், மனைவிக்கு இன்னொரு பொய் வேண்டும். பதிவேட்டிலோ அவர் கையெழுத்திலேயே, "அறிவிப்புக் கல், விதிமுறைகளுடன், எண்ணிக்கை ஒன்று. சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கிறது. முதல் பொய்யைச் சொன்னால் சான்றிதழ் கிடைக்கும், மனைவி முகத்தில் விழிக்க முடியாது. இரண்டாவதைச் சொன்னால் மனைவி கொண்டாடுவாள், பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும். உண்மையைச் சொன்னால் இரண்டும் போகும். மூன்று பக்கமும் முட்டுச்சந்து.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பிரார்த்தனைக் கூடத்தைத் தேடிப் போனார். கல் மாறியது தெரிந்த நாளிலேயே, இன்னொரு கல் எங்கே இருக்கும் என்று ஊகித்துவிட்டவர்தான். ஆனால் அந்தத் தெருப் பக்கமே தலை வைக்கவில்லை. செதுக்கியவரும் அடுத்த வருடமே கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

கூடத்தின் பின் சுவரில், இரண்டு விளக்குகளுக்கு நடுவில், துடைத்துப் பளபளவென்று நின்றது அலுவலகத்தின் கல். "வரிசையைத் தாண்டக் கூடாது. முறையான சான்று இல்லாதவர்கள் உள்ளே வர வேண்டாம். இடைத்தரகர்களை நம்பாதீர். கையூட்டுக் கொடுப்பதும் பெறுவதும் குற்றம். உணவு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை. அதிகாரியின் முடிவே இறுதியானது." முன்னால் நாற்பது பேர் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கூடத்துக் காவலரிடம் போய், தான் யார் என்று சொன்னார். காவலர் ஒல்லியான வயதான மனிதர். கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நம்மவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களும் பிரிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"எனக்குப் பல்வலி" என்றார் காவலர். "கையெழுத்தைப் போட்டு வாங்கி வச்சுட்டேன். மறுநாள் திரை விலக்கினா இடைத்தரகர்களை நம்பாதீர்னு இருக்கு. செத்தேன்னு நெனச்சேன். எங்க பெரியவர் அதை ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் திரும்பி, கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவுல ஆள் வேணாம்னு எவ்வளவு அழகாச் சொல்லியிருக்குன்னாரு. அதை வச்சே ஆறு வாரம் பேசினாரு. அதிகாரியின் முடிவே இறுதியானதுன்னு வர்றப்ப அழாத ஆள் இல்ல."

"உணவு இடைவேளை?"

"அதான் ஒண்ணு முதல் ரெண்டு வரைக்கும் எல்லாரும் சேந்து சாப்பிடறோம். நீங்களும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டார். எதிரே கல். பக்கத்தில் தன்னைப் போலவே இன்னொரு பிரிக்காத ஆள். தேடிப் போனது அறிவுரைக்காக, கிடைத்தது சாப்பாடு. எழுந்திருக்கும்போது, "விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?" என்று காவலர் கேட்டார். "தெரியலை" என்றார் நம்மவர். "எங்க கல்லுனால யாருக்கும் ஒரு கெடுதலும் வரலைங்க. உங்க கல்லுனால யாருக்காவது வந்துச்சா?" என்றார் காவலர். சும்மா கேட்டதுதான். நம்மவருக்கு வீடு வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அலுவலகத்தின் மாடிக் கூடத்தில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி ஒரு நடுவயது அம்மையார். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிற ரகம். ஆனால் காது கூர்மை. முன் வரிசையில் தலைவர். மூன்றாம் வரிசையில் நம்மவரின் மனைவி, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம், "எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின் வரிசைகளில் கல்லைக் காப்பாற்ற வந்த கூட்டம். எதிர்ப்பக்க மேசையில் தையற்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார், அளவெடுக்கும் டேப் கழுத்திலேயே தொங்கியது.

"அந்தக் கல்லு எப்போ வந்துச்சு? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

நம்மவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் லேசாகத் தலையாட்டினார். மனைவியைப் பார்த்தார். அவள் நெஞ்சை நிமிர்த்து என்று முகவாயாலேயே சைகை காட்டினாள். "அது வந்து மேடம்... கல்லுன்னு எடுத்துக்கிட்டா... அது ரொம்ப நாளாவே..." என்று மென்று விழுங்கினார். முப்பத்தோரு வருடம் ரப்பர் முத்திரையே பேசிக்கொண்டிருந்ததால் வாய் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

தையற்காரம்மா கையைத் தூக்கினார். "நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

அவர் நம்மவரைப் பார்த்துத் திரும்பினார். "சார், எனக்குக் கடவுள் மேல ஒரு வருத்தமும் இல்ல. நான் கும்பிடற கடவுளை நான் வீட்டுலயே கும்பிட்டுட்டு வர்றேன். இங்க வந்தது பத்திரத்துக்கு. தலை குனியலைன்னு மூணு தடவை என் மனுவை அடியில வச்சாங்க. இப்போ என் கொழுந்தன் வீட்டை விக்கிறதுக்கு ஆள் கூட்டிட்டு வர்றாரு. அந்தக் கல்லை வச்சவர் யாரோ, அவர் இதையெல்லாம் நெனச்சுத்தான் வச்சாரா? எனக்கு அது தெரிஞ்சா போதும்."

நம்மவர் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தானாகவே வந்துவிட்டது.

"இல்லம்மா. வச்சவன் ஒண்ணுமே நெனைக்கல. பிரிச்சே பாக்கல."

எல்லாவற்றையும் சொன்னார். ஐந்தேகால் பேருந்து, சாக்கு, விரலை மடக்கித் தட்டியது, எழுத்துத் தெரியாத கொத்தனார், எல்லாம். பதிவேட்டைத் திறந்து கையெழுத்தைக் காட்டினார். "என்னோடதுதான் சார்" என்று சொன்னதையும் விடவில்லை. மின்விசிறியைக்கூடச் சொன்னார், அதன் எண்ணோடு. அதிகாரி முதலில் சிரிப்பை அடக்கினார், பிறகு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பிரார்த்தனைக் கூடத்தில் கையூட்டு பற்றிய விதி நிற்கிறது என்று வந்தபோது கூடமே வெடித்துச் சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: தலைவர், தையற்காரம்மா, மூன்றாம் வரிசையில் நல்ல புடவை.

சிரிப்பு அடங்குவதற்குள் பின் வரிசையிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். "அப்போ யாரும் வைக்கல! கல்லு தானா வந்திருக்கு! இது கடவுள் செயல் இல்லாம வேற என்ன?"

அவ்வளவுதான், பின்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைகூப்பிவிட்டார்கள். நம்மவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இருக்கிற ஒரே உண்மையைச் சொன்னால் அதையும் அற்புதமாக்கிவிட்டார்களே!

அதிகாரி தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தார். "தலைவர் சார், உங்க பதில் மனுவுல, இது கட்டடத்தோட வந்த வெறும் அலங்காரக் கல், மத அடையாளமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க."

தலைவர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பதில் மனுவின் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உத்தரவு அன்றைக்கே வந்தது. பிரார்த்தனை வரிகள் உள்ள கல் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக வேண்டும். அரசாங்க விதிகள் உள்ள கல், அரசாங்கச் சொத்து என்பதால், பிரார்த்தனைக் கூடத்தில் இருக்கக் கூடாது, அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். தையற்காரம்மாவின் மனு அன்று மாலைக்குள் முடிக்கப்பட வேண்டும். பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் மட்டும், "இடைத்தரகர்களை நம்பாதீர்" வரியையாவது வெட்டிக் கொடுக்க முடியுமா என்று ஆள் விட்டுக் கேட்டாராம். முடியாது என்று பதில் போயிற்று.

நம்மவருக்குச் சான்றிதழுக்குப் பதிலாக ஒரு மெமோ கிடைத்தது. அதையும் பதிவேட்டில் ஏற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது தையற்காரம்மா எதிரே வந்தார், பத்திரத்தை டேப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்க நம்மவர் வாயெடுத்தார்.

"உங்க மேல கோவம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன் சார்" என்றார் அவர். "கோவம் இருக்கு. ஆனா இன்னிக்கு நீங்க சொன்னீங்க. அதுவும் இருக்கு." சொல்லிவிட்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

மனைவி அவருக்காகக் காத்திருக்கவில்லை. முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் போனபோது நல்ல புடவையை மாற்றாமலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நம்மவர் சமையலறை வாசலில் நின்றார். வழியெல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்டால் எதிராளி கோபப்பட முடியாது என்பது அவர் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்த தந்திரம். அலுவலகத்தில் எல்லோரிடமும் பலித்தது. இங்கே வாய் வரவில்லை.

"கல்லு மாறி வந்தது தப்பு. சரி" என்றாள் அவள், திரும்பாமலே. "நான்தான்னு சொன்னீங்களே, அதுவும் மாறி வந்துடுச்சா?"

"இல்ல. அது தெரிஞ்சேதான் சொன்னேன்."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எங்க அக்காகிட்ட, தங்கச்சிகிட்ட, எதிர்வீட்டுல, ஒருத்தரை விடாம சொல்லி வச்சிருக்கேன். அதுகூடப் போகட்டும். மாசாமாசம் பக்கத்துலயே நின்னீங்க. நான் துணியை நனைச்சுத் துடைக்கறேன். கண்ணை மூடித் தலை குனிஞ்சு நிக்கறேன். நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நின்னீங்க." கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அப்போல்லாம் உள்ளுக்குள்ள என்னைப் பாத்துச் சிரிச்சீங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படி ஒன்றைக் கேட்பாள் என்று அவர் நினைத்ததே இல்லை.

"சத்தியமா இல்ல. ஒரு தடவைகூட இல்ல. பயந்துக்கிட்டு நின்னேன்."

"என்ன பயம்? சாமி தண்டிச்சுடும்னா?"

"அது இல்ல. நீ கும்பிட்டு முடிச்சுட்டுத் திரும்பி என் மூஞ்சியைப் பாத்துடுவியோன்னு."

அவள் கையை உதறிப் புடவையில் துடைத்துக்கொண்டாள். திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவர் முகத்தையே பார்த்தாள், ரொம்ப நேரம். நம்மவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தலையும் குனியவில்லை.